விடியும் வரை இருங்கள்: கூத்துப் பார்க்க முதல்முறை போகிறவர்களுக்கு

தெருக்கூத்துப் பார்க்கப் போகலாம் என்று நான் கூப்பிடும்போதெல்லாம் நண்பர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு முடியும்?" என்பதுதான். விடிந்தால் முடியும் என்பேன். உடனே, "சரி, பன்னிரண்டு மணி வரைக்கும் பார்த்துட்டுக் கிளம்பிடலாம்" என்பார்கள்.

முதல் தடவை நானும் அப்படித்தான் கிளம்பினேன். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம், கர்ணன் சாகும் கதையான கர்ண மோட்சம். கட்டியக்காரர் சிரிக்க வைத்தார், கர்ணன் வந்து ஆடினார், நான் கைதட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டேன். மறுநாள் டீக்கடையில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பொன்னுருவி அழுததைப் பாத்தியா?" கர்ணனின் மனைவி பொன்னுருவி வந்ததே நான் கிளம்பி இரண்டு மணி நேரம் கழித்துத்தான். கூத்தின் வாசற்படியைப் பார்த்துவிட்டுக் கூத்துப் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா யோசனையும் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான்: நீங்கள் விடியும் வரை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பையில் என்ன எடுத்துப் போவது, எந்த இடத்தில் உட்காருவது, எப்போது தூங்குவது என்று எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

எந்த மாதம், எந்தப் பக்கம்

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டங்கள்தான் கூத்தின் வீடு. தர்மபுரி, சேலம் பக்கமும், கடலூர், புதுச்சேரிப் பக்கமும் உண்டு. பாட்டும் ஆட்டமும் கொஞ்சம் மாறும். ஊர்க்காரர்கள் 'கூத்து' என்பார்கள், இல்லாவிட்டால் 'நாடகம்' என்பார்கள். நோட்டீசில் 'கட்டைக்கூத்து' என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம். முக்கிய வேஷக்காரர்கள் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் மர அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். அதிலிருந்து வந்த பெயர் அது.

மாசியில் தொடங்கி ஆடி வரை கூத்துக்காலம். பங்குனி, சித்திரை, வைகாசியில் மும்முரம். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊருக்கு ஊர் கணக்கு வேறு. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடி விளக்கம் சொல்வார். இரவில் ஜமா கூத்து ஆடும். கூத்துக் குழுவை அங்கே 'ஜமா' அல்லது 'செட்' என்றுதான் சொல்வார்கள்.

தனியாக ஒரு கிராமத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் செய்யாறு பக்கம் உள்ள புரிசையில் தொடங்கலாம். 2003-இல் மறைந்த கண்ணப்பத் தம்பிரானின் ஊர் அது. பல தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம். அவர் நினைவாக அங்கே விழா எடுத்து வருகிறார்கள். வெளியூரிலிருந்து நாடகக்காரர்களும் மாணவர்களும் வருவார்கள், அதனால் புதியவர் என்ற கூச்சம் இருக்காது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் இடம் இருக்கிறது. அங்கேயும் இரவு முழுக்கக் கூத்து நடந்திருக்கிறது. ஆனால் இரண்டையும் பார்த்தபின் கட்டாயம் ஒரு கோயில் திருவிழாக் கூத்துக்குப் போங்கள். ஊரே நேர்ந்துகொண்டு நடத்தும் கூத்துக்கு வேறு ஒரு சூடு இருக்கிறது.

சுவர் நோட்டீசைப் படியுங்கள்

இணையத்தில் தேடுவதைவிட பேருந்தில் போய்த் தேடுவது சுலபம். பங்குனி பிறந்ததும் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் என்று ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கி, சுவரைப் பாருங்கள். 'அக்னி வசந்த விழா' என்று (பாரத விழாவுக்கு இன்னொரு பெயர்) பெரிய எழுத்தில் மஞ்சளோ இளஞ்சிவப்போ ஒரு நோட்டீஸ் இருக்கும். அதில் எந்தத் தேதி என்ன கதை, எந்த ஊர் நாடக மன்றம் ஆடுகிறது, துரியோதனன் விழும் படுகளம் என்றைக்கு, தீமிதி என்றைக்கு எல்லாம் அச்சிட்டிருப்பார்கள். கீழே விழாக்குழுவின் கைப்பேசி எண்ணும் பெரும்பாலும் இருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டு, கிளம்பும் நாளன்று காலையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மழை வந்தாலோ ஊரில் சாவு விழுந்தாலோ கூத்துத் தள்ளிப்போகும்.

நோட்டீசில் இரவு 9 மணி என்று போட்டிருந்தால் மேளம் தொடங்கப் பத்து ஆகும், கதை தொடங்கப் பதினொன்று ஆகும். சாமி ஊர்வலம் முடிந்து, சனம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா.

எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது? நோட்டீசில் வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக இருக்கும். முதல் தடவைக்கு நான் கர்ண மோட்சத்தைத்தான் சொல்வேன். கணவன் மனைவி பேச்சு, தாயின் புலம்பல், சண்டை என்று எல்லாம் இருக்கிறது, கதையும் நமக்குத் தெரியும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் அர்ச்சுனன் தபசு. உயரமான தபசு மரம் நட்டு, அர்ச்சுனன் பாடிக்கொண்டே அதில் ஏறி, மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் பூவும் வீசுவார். குழந்தை வேண்டி நிற்கும் பெண்கள் முந்தானை விரித்துப் பிடிப்பார்கள். மரம் ஏறுவது சில ஊரில் பகலில், சில ஊரில் விடிகாலையில், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் கர்ண மோட்சம் வைப்பார்கள். அது ஒரு வீட்டுத் துக்கம். ஊரார் எல்லாரும் வந்து பார்ப்பார்கள்தான், ஆனாலும் நீங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கதையை ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள்

பாட்டு உச்சக் குரலில் வரும். முதல் அரைமணி நேரம் ஒரு சொல்லும் பிடிபடாது. கதை தெரிந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. அன்றைய இரவின் கதையை யாரிடமாவது கேட்டோ படித்தோ விட்டுப் போங்கள். ஆனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கூத்தில் வரும் பாரதம் இந்த மண்ணில் வளர்ந்த பாரதம். பொன்னுருவி இருப்பாள், கோயில் காவலுக்கு நிற்கும் போத்துராசா இருப்பார், அரவான் களப்பலி பெரிய நிகழ்ச்சியாக இருக்கும். "மூலத்தில் இது இல்லையே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள். அவருக்கு இதுதான் மூலம்.

கையில் என்ன கொண்டுபோவது

ஒரு பாய் அல்லது பழைய பெட்ஷீட், ஒரு போர்வை, தண்ணீர், டார்ச். சித்திரை வெயிலில் வெந்துபோய்ப் போகிறவர்கள் போர்வையை விட்டுவிடுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வயல்காட்டுக் காற்று வீசும்போது தெரியும். சில்லறை நோட்டுகள் வேண்டும். சுக்குக் காப்பி, வேர்க்கடலை, பஜ்ஜிக் கடைகள் இருக்கும்.

கழிப்பறைதான் உண்மையான சிக்கல், முக்கியமாகப் பெண்களுக்கு. கடைசியாக இறங்கும் டவுனிலேயே போய்விட்டு வாருங்கள். அப்புறம் ஊருக்குள் போனதும் கோயிலுக்குப் பக்கத்தில் வெளிச்சம் உள்ள ஒரு வீட்டில் பேச்சுக் கொடுத்து வையுங்கள். கூத்து இரவில் வீடுகள் பூட்டிக் கிடப்பதில்லை; "அம்மா, ராத்திரி ஒரு அவசரம்னா வரலாமா?" என்று பொழுதோடு கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

கிராமத்துக்குக் கடைசிப் பேருந்து எட்டரை, ஒன்பதோடு முடிந்துவிடும். திரும்பும் பேருந்து காலையில்தான். இது நல்லதுதான். சொந்த வண்டியில் போனால் நடுராத்திரியில் கிளம்பத் தோன்றும். பேருந்தில் போனால் தோன்றாது.

ஊருக்குள் நுழைந்ததும்

பொழுது சாய்வதற்குள் போய்விடுங்கள். முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு அல்லது கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விழாக்குழுவில் ஒருவரிடம், "கூத்துப் பாக்க வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள். "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்ற கேள்வி வரும். யார் வீட்டுக்கும் இல்லை, கூத்துக்காகவே வந்தோம் என்றால் முகம் மலர்ந்துவிடும். சாப்பிடக் கூப்பிடுவார்கள், அன்னதானம் இருந்தால் பந்தியில் உட்கார வைப்பார்கள். போய்ச் சாப்பிடுங்கள்.

சில இடங்களில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றும் கேட்பார்கள். யார் எந்தத் தெரு, யார் எங்கே உட்காருவது என்ற கோடு இன்னும் அழியாத ஊர்கள் இருக்கின்றன என்பதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "இன்னைக்கு எந்த செட்டு, கர்ணன் யாரு?" என்று பேச்சைக் கூத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

வேஷம் கட்டும் இடம்

பள்ளிக்கூடத் திண்ணையாகவோ கூத்தாடும் களரிக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைத்த இடமாகவோ இருக்கும். ஜமாவை நடத்தும் வாத்தியாரைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக உட்காருங்கள். பேச வேண்டாம். பேசினால் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள், கை நின்றுவிடும்.

கூத்தில் அவரவர் முகத்துக்கு அவரவரே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். நான் உட்கார்ந்து பார்த்த ஒருவர், பகலில் செங்கல் சூளையில் வேலை செய்துவிட்டு வந்தவர். இடது கையில் உள்ளங்கை அளவு கண்ணாடி. வலது கையில் ஈர்க்குச்சி. புருவத்துக்கு மேலே வெள்ளைப் புள்ளிகள் வைத்துக்கொண்டே போனார்; ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சை நிறுத்திக்கொண்டார். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து கட்டையைக் கட்டினார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியது. எடை குறைந்த மரம்தான், ஆனால் விடிய விடியச் சுழன்று ஆடும்போது நழுவக் கூடாதே, அதனால் கயிற்றை இழுத்து இறுக்கினார்கள். காலையில் அதே மனிதர் கட்டையை அவிழ்த்தபோது தோளில் கயிற்றுத் தடம் சிவந்து பதிந்திருந்தது.

பெண் வேஷம் கட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஆண்களே. அவர்களைப் பார்த்துச் சிரிப்பதோ சேர்ந்து செல்பி கேட்பதோ கூடாது. அன்றைய இரவின் திரௌபதி அவர். கொஞ்ச நேரத்தில் ஊரே அவருக்குக் கற்பூரம் காட்டப் போகிறது.

எங்கே உட்காருவது, எதைக் கவனிப்பது

களரி என்பது ஆடும் இடம். பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், நாதஸ்வரம் போன்ற சின்னக் குழலான முகவீணை. மற்ற மூன்று பக்கமும் சனம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரில் உட்காராதீர்கள். பக்கவாட்டில், முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மைக் இல்லாத குரலும் சலங்கையும் காதில் விழும். வேஷக்காரர்கள் வந்துபோகும் வழியை மறிக்கக் கூடாது. அபிமன்யு ஓடி வரும்போது உங்கள் தண்ணீர் பாட்டில் அவர் காலில் படக் கூடாது.

முதலில் மேளம் மட்டும் வாசிப்பார்கள். இது களரி கட்டுவது. அப்புறம் சாமி பாட்டு. அதன்பின் கட்டியக்காரர் வருவார். புதியவர்கள் அவரை வெறும் கோமாளி என்று நினைப்பார்கள். உங்களுக்கு அந்த இரவில் கிடைத்த வழிகாட்டி அவர்தான். ராஜா விருத்தத்தில் பாடியதை அவர்தான், "அப்போ நீங்க சொல்றது இன்னான்னா..." என்று வீட்டுப் பேச்சில் திருப்பிக் கேட்பார். பாட்டுப் புரியாவிட்டால் கவலைப்படாமல் அடுத்து வரும் வசனத்துக்குக் காத்திருங்கள்.

பிறகு திரை வரும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பின்னால் கர்ணன். முகம் தெரியாது. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால். அங்கே நின்றபடி பாடுவார், பாடுவார், பாடிக்கொண்டே இருப்பார். அரைமணி நேரம்கூட ஆகலாம். போனைப் பார்க்கத் தோன்றும் இடம் இதுதான். தயவுசெய்து காலைப் பாருங்கள். தாளம் ஏற ஏறக் கால் அவசரப்படும், திரை ஆடும், முகவீணை குரலைத் துரத்தும். கடைசியில் திரை விலகி, கண்ணாடிச் சில்லெல்லாம் ஒரே நொடியில் வெளிச்சம் வாங்கி, அவர் களரியைச் சுற்றி வரும்போது, அந்த அரைமணி நேரம் எதற்கு என்று தெரியும். காத்திருந்தவனுக்குத்தான் கர்ணன் வருகிறான்.

நடுச்சாமம்

ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை கண் சொருகும். தூங்குங்கள். கூத்தில் தூங்குவது அவமரியாதை இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்போது தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். பிள்ளைகள் களரி ஓரத்திலேயே சுருண்டு கிடக்கும்.

இரண்டாம் தடவை போனபோது நான் பாய்கூட இல்லாமல் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு ஆயா தன் கோரைப்பாயில் பாதியைத் தட்டிக் காட்டி, "குந்து கண்ணு" என்றார். வெற்றிலை மடித்துக் கொடுத்தார். தலை ஆட ஆரம்பித்ததும், "படுத்துக்கோ, பொன்னுருவி வரச்சொல்ல எழுப்பறேன்" என்றார். எழுப்பவும் செய்தார், முழங்கையால் இடித்து. எழுந்து பார்த்தால், நான் தூங்கும்போது சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சனம் முழுக்க அமைதியாக இருந்தது. போருக்குப் புறப்படும் கர்ணன் விடை கேட்டு நிற்கிறான். ஆயாவின் உதடு பொன்னுருவியின் பாட்டைச் சத்தமில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தது. எத்தனை வருசமாகப் பார்க்கிறீர்கள் என்று அப்புறம் கேட்டேன். "வயசுக்கு வர்றதுக்கு முன்னேருந்து" என்றார். அவள் அழுவாள் என்று தெரியும், எந்தச் சொல்லில் அழுவாள் என்றும் தெரியும். அந்தச் சொல் வந்ததும் அவர் கண்ணும் நிறைந்தது.

பக்கத்தில் இப்படி ஒரு ஆள் அமைந்தால் விடாதீர்கள். எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லித் தராது.

போட்டோவும் பணமும்

பிளாஷ் கூடாது. எழுந்து நின்று படம் எடுப்பது பின்னால் இருக்கும் ஐம்பது பேரை மறைக்கும். தொடக்கத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு பையில் போட்டுவிடுங்கள். துகில் கூத்து என்றால் போனைத் தொடவே வேண்டாம். துச்சாதனன் திரௌபதியின் புடவையில் கை வைக்கும் கட்டத்தில் கூத்து நின்று, கற்பூரம் ஏற்றி, சனம் எழுந்து கும்பிடும். அந்த வேஷம் கட்டியவருக்கே அருள் வந்து நாலு பேர் பிடித்துக்கொள்வதும் உண்டு. அப்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள், அவ்வளவு போதும்.

கதையின் நடுவே அன்பளிப்பு வாசிப்பார்கள். யாரோ நூறு ரூபாய் கொடுத்திருப்பார். அவர் பெயரையும் ஊரையும் கட்டியக்காரர் சொல்வார். இடைஞ்சலாகத் தோன்றும், ஆனால் ஊருக்கும் ஜமாவுக்கும் உள்ள உறவு அது. நீங்கள் கொடுப்பதைக் காலையில் வாத்தியார் கையில் நேராகக் கொடுங்கள் என்பது என் யோசனை. டிக்கெட் இல்லாத இடம். ஒரு சினிமாவுக்கு, பாப்கார்னோடு சேர்த்து, என்ன செலவு செய்வீர்களோ அதைவிடக் குறையாமல் கொடுங்கள். பத்துப் பதினைந்து பேர் இரவு முழுக்க உழைத்திருக்கிறார்கள்.

படுகளம் இருந்தால் கிளம்பிவிடாதீர்கள்

பதினெட்டாம் போர் ஆடிய மறுநாள் காலை, கூத்து களரியை விட்டு இறங்கி ஊர்வெளிக்கு வந்துவிடும். அங்கே மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். மீசையும் விழித்த கண்ணுமாக, ஒரு வீட்டைவிட நீளமாக. ராத்திரி பார்த்த பீமனும் துரியோதனனும், கலைந்த அரிதாரத்தோடு, சுட்டெரிக்கும் வெயிலில் அந்த மண்ணுடம்பின்மேல் ஏறியும் இறங்கியும் துரத்திக்கொள்வார்கள். தொடையில் அடி விழும். அங்கே பானையில் வைத்த செந்நீர் கொப்பளிக்கும். அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். பெண்கள் துரியோதனனுக்கு மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கூட்டம் கலையும்போது ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துப் போவார்கள்.

இங்கே நெரிசல் அதிகம், அருள் வந்து ஓடுகிறவர்கள் உண்டு. சின்னப் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, திட்டான ஓர் இடத்தில் நில்லுங்கள். மாலையில் தீமிதி. அது காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களுக்கு உரியது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

படுகளம் இல்லாத நாள் என்றால் மங்களம் பாடியதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், பத்தே நிமிடத்தில். முதல் பேருந்துக்கு நேரம் இருக்கும். வேஷம் கட்டிய இடத்துக்குத் திரும்பிப் போங்கள். கர்ணன் தேங்காயெண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். "நல்லா இருந்தது" என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கட்டம் பிடித்தது என்று சொல்லுங்கள். குந்தியிடம் சொன்ன அந்த வார்த்தை, திரைக்குப் பின்னால் நின்ற அந்தப் பாட்டு என்று. அதைக் கேட்க அவருக்கு ஆசை இருக்கும். அப்புறம் வாத்தியாரிடம், "இன்னைக்கு ராத்திரி எந்த ஊர்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.